பனியனில் தேடப்படும் உலோகம்

திருப்பூரில் தைக்கப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் பின்னலாடையில், பிரித்தெடுக்கத்தக்க காட்மியம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதை அங்கே விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும் விதி இது. தோலில் படும் துணிகளுக்காக அந்த விதி வரம்பு கட்டியிருக்கும் 33 வேதிப்பொருள்களில் காட்மியத்தோடு ஈயம், ஆர்சனிக், ஆறு இணைதிறன் குரோமியம் ஆகியவையும் உண்டு. வாங்கும் நிறுவனங்கள் பல கேட்கும் ஓகோ-டெக்ஸ் சான்றிதழின் வரம்பு இன்னும் இறுக்கமானது. அதன்படி காட்மியம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ஆகவே, சரக்கு கிளம்பும் முன் துணி மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது. மனித வியர்வையைப் போலத் தயாரிக்கப்பட்ட ஒரு கரைசலில் துணியை ஊறவைத்து, அதில் இறங்கும் உலோகத்தைக் கோடியில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளந்து சொல்கிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் வியர்வை இந்தத் துணியில் பட்டால் என்ன ஆகும் என்ற கவலை அது, நியாயமான கவலைதான். அதே துணிக்குச் சாயம் ஏற்றியவரின் உடலில், அந்தச் சாயக்கழிவு ஓடிய ஆற்றங்கரையில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவரின் உடலில், அதே காட்மியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது மட்டும் வழக்கத்தில் இல்லை.

இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவது ஏற்றுமதியாளர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. காட்மியம் போன்ற ஒரு நச்சு உலோகம் நீண்டகாலம் சிறுகச் சிறுக உடலுக்குள் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் என்ன நேர்கிறது என்பதை மருத்துவ உலகம் இன்று ஓரளவு தெளிவாகவே அறிந்திருக்கிறது. அந்த அறிவு திருப்பூர் வட்டாரத்தின் சுற்றுச்சூழல் விவாதத்துக்குள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த விவாதம் கால் நூற்றாண்டாக வேறொரு பொருளைச் சுற்றியே நடந்தது. அது உப்பு.

நொய்யலின் கதை தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதல்ல. வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. ஈரோடு, கரூர் பகுதிகளின் பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. தண்ணீரைத் திறந்துவிட்டால் வயல் கெட்டது. தேக்கி வைத்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. அணை வேண்டும் என்று கேட்டுப் பெற்ற விவசாயிகளே அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று நீதிமன்றத்தில் நின்றது நம் பாசன வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் வழக்கு, 2006-இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு, 2009-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு எனத் தொடர்ந்து, 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டதில் வந்து நின்றது. அதன் பின்னரே ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை திருப்பூரில் வேரூன்றியது.

இந்தப் போராட்டம் முழுவதிலும் அளவுகோலாக நின்றது நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள். அதாவது பெரும்பாலும் உப்பு. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு திருப்பூரில் பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த எண்ணாயிற்று. அதற்குக் காரணம் உண்டு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்ட வேண்டும். அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரோடு போய்விடும். உப்பு நாக்குக்குத் தெரியும். தென்னை ஓலை காய்வதும், மண் வெளுப்பதும், கறவை மாடு தண்ணீர்த் தொட்டியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கண்ணுக்குத் தெரியும். சாட்சி சொல்ல உப்புக்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். நிலத்துக்கும் பயிருக்கும் இழப்பீடு கணக்கிடப்பட்டது.

உலோகத்துக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை, நிறமும் இல்லை. நொய்யலின் நீரிலும் வண்டலிலும் கரையோர மண்ணிலும் குரோமியம், செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம் ஆகியவை காணப்படுவதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால், அவை ஆய்விதழ்களிலேயே தங்கிவிட்டன.

சட்டத்தின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். 2016 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜவுளித் தொழிலுக்கெனத் தனியாக அறிவித்த கழிவுநீர்த் தரநிலைகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் உலோகம் குரோமியம் ஒன்றுதான். காட்மியத்துக்கு 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலையைத்தான் தேட வேண்டும். ஆறு, ஏரிகளில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை காட்மியம் இருக்கலாம் என்கிறது அது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் அனுமதிப்பதோ லிட்டருக்கு 0.003 மில்லிகிராம். இரண்டுக்கும் இடையே அறுநூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. கழிவுநீருக்கும் குடிநீருக்கும் ஒரே வரம்பு இருக்க முடியாது என்பது சரி. ஆற்றில் கலந்தால் நீர்த்துப்போகும் என்ற கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் வேறு நீரே ஓடாத நொய்யலில் எதில் கலந்து எது நீர்த்துப்போகும் என்பதைத்தான் அந்தக் கணக்கு சொல்லவில்லை. ஈயத்துக்கு அதே அட்டவணை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று கண்டிப்பு காட்டுவதையும் வைத்துப் பார்த்தால், காட்மியத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

காட்மியம் எங்கிருந்து வருகிறது? இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், எல்லாப் பழியையும் சாயத்தின் தலையில் போடுவது எளிது, சரியல்ல. பருத்திப் பின்னலாடைக்குப் பயன்படும் வினைச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் காட்மியம் ஒரு மூலப்பொருளே அல்ல. டர்காய்ஸ் நீலம் போன்ற சில நிறங்களில் செம்பு இருக்கும். காட்மியம் துத்தநாகத்தின் ஒட்டுண்ணி. 1817-இல் ஜெர்மானிய வேதியியலாளர் பிரீட்ரிக் ஸ்ட்ரோமேயர் அதைக் கண்டுபிடித்ததே, துத்தநாகக் கார்பனேட்டில் இருந்த மாசாகத்தான். ஆகவே, துத்தநாகம் புழங்கும் இடமெல்லாம் அது கூட வரும்: முலாம் பூசும் பட்டறை, உலோகப் பொத்தான், ஜிப். பழைய மஞ்சள், சிவப்பு நிறமிகள், சில பிளாஸ்டிக்குகள், நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் இன்னொரு வழி. பாஸ்பேட் உரம் மூன்றாவது வழி. அதன் மூலப்பாறையிலேயே காட்மியம் கலந்திருக்கிறது. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் திரட்டி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. புகைபிடிப்பவரின் உடலில் மற்றவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு காட்மியம் இருப்பது இதனால்தான். பீடியும் இதற்கு விலக்கல்ல. கோவையின் முலாம் பட்டறைக் கழிவு, நகரச் சாக்கடை, வயல் உரம், சாய ஆலைக் கழிவு எல்லாம் கடைசியில் ஒரே ஆற்றுக்குத்தான் வருகின்றன என்பதே நொய்யலின் சிக்கல்.

இனி உடலுக்குள் போவோம். உணவிலும் நீரிலும் வரும் காட்மியத்தில் குடல் உறிஞ்சுவது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குதான். கேட்க ஆறுதலாக இருக்கும் இந்த எண், இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இரு மடங்கு, அதற்கும் மேல் என உயர்கிறது. இரும்பைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு எடுத்துச் செல்லும் அதே புரதம், இரும்பு கிடைக்காதபோது காட்மியத்தையும் ஏற்றிக்கொள்வதே காரணம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. தையல், பிசிறு வெட்டுதல், மடித்தல், கட்டுதல் எனப் பனியன் கம்பெனிகளில் பெரும்பங்கு வேலை செய்பவர்கள் இந்த வயதுப் பெண்கள்தான். ஒரே கிணற்று நீரைக் குடிக்கும் கணவனையும் மனைவியையும் இந்த உலோகம் ஒன்றாக நடத்துவதில்லை.

ரத்தத்துக்குள் வந்த காட்மியம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே மெட்டலோதையோனின் என்னும் சிறு புரதம் அதைக் கட்டிப் பிடித்து முடக்குகிறது. 1957-இல் குதிரையின் சிறுநீரகத்தில், காட்மியத்தோடு பிணைந்த நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட புரதம் அது. உடலைக் காக்கும் இந்த ஏற்பாடே சிறுநீரகத்துக்கு வினையாகிறது. கட்டுண்ட காட்மியம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிந்து சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கடக்கிறது. வடிகட்டியைத் தாண்டி வரும் பயனுள்ள பொருள்களை வீணாக்காமல் மீட்டெடுப்பது அடுத்துள்ள நுண்குழாய்களின் வேலை. அவை இந்தப் புரதத்தையும் நல்ல புரதம் என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கின்றன, செரித்து உடைக்கின்றன. கட்டு அவிழ்ந்த காட்மியம் அந்தச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நம் உடலுக்கு அதை வெளியேற்றத் தெரியாது. உடலில் உள்ள காட்மியத்தில் ஒரு நாளில் சிறுநீரோடு போவது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சிறுநீரகத்தில் சேர்ந்த அளவு பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். இருபது வயதில் உள்ளே போனது ஐம்பது வயதிலும் அங்கே இருக்கும். அதன் மேல் புதியதும் சேர்ந்திருக்கும்.

சேர்ந்த அளவு ஓர் எல்லையைக் கடக்கும்போது நுண்குழாய்கள் மீட்டெடுக்கும் திறனை இழக்கின்றன. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற மிகச் சிறிய புரதங்கள் முதலில் சிறுநீரில் ஒழுகுகின்றன. பின்னர் பாஸ்பேட், கால்சியம், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் தொடர்ந்து வெளியேறினால் எலும்பு மெலிகிறது. நாளடைவில் வடிகட்டும் திறனும் சரிகிறது. இதில் கவனிக்க வேண்டியது, நம் வழக்கமான பரிசோதனைகள் இந்தத் தொடக்கக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை என்பதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை, அல்புமின் என்ற பெரிய புரதத்தைக் காட்டும். சிறிய புரதங்களைக் காட்டாது. ரத்தத்தில் கிரியேட்டினின் உயர்வதற்குள் சிறுநீரகத் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கும். சோதனை அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கும்; சேதம் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

இது உலகுக்குத் தெரிந்தது ஜப்பானியப் பெண்களின் எலும்புகள் வழியாக. டோயாமா மாகாணத்தில் ஓடும் ஜின்சு ஆற்றின் மேல்பகுதியில் கமியோகா சுரங்கம். மிட்சுய் நிறுவனத்துக்குச் சொந்தமானது. துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். கழிவு ஆற்றில் கலந்து, கீழ்ப்பகுதி நெல்வயல்களுக்குப் பாய்ந்து, அரிசியில் சேர்ந்தது. பல பிள்ளைகளைப் பெற்று, மாதவிடாய் நின்ற வயதுப் பெண்கள் இருமினாலே விலா எலும்பு முறியும் நிலைக்கு ஆளானார்கள். வலி தாளாமல் அவர்கள் எழுப்பிய ஓலமே 'இதாய்-இதாய்' என்று நோயின் பெயராயிற்று. சத்துக்குறைவு என்றும், ஊரைப் பிடித்த சாபம் என்றும் பேசப்பட்ட அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்று உள்ளூர் மருத்துவர் நொபோரு ஹாகினோ சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1968-இல் ஜப்பானிய அரசு ஏற்றது. அந்த நாடு மாசினால் வந்த நோய் என்று அதிகாரபூர்வமாக அங்கீகரித்த முதல் நோய் அது. நோயாளிகள் தொடுத்த வழக்கில் 1971-இலும் மேல்முறையீட்டில் 1972-இலும் நிறுவனம் தோற்றது. மாசுபட்ட வயல்களின் மேல்மண்ணை மாற்றும் பணி 1979 வாக்கில் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது.

நம் ஊரில் இந்தக் கதையை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. எலும்பு முறிந்தவர்கள் மட்டுமே நோயாளிகள் என்று ஜப்பானிய அரசு வரையறுத்தது. சிறுநீரக நுண்குழாய் பழுதாகி, எலும்பு இன்னும் முறியாத பெருங்கூட்டம் அந்த வரையறைக்கு வெளியே நின்றது. அவர்களுக்கு ஒரு தொகை தருவதாக நிறுவனம் உடன்பாடு செய்தது 2013 டிசம்பரில். முதல் அங்கீகாரத்துக்கும் இதற்கும் இடையே 45 ஆண்டுகள்.

இதயத்தின் கதை இன்னும் தாமதமாகப் புரிந்தது. மாரடைப்பு என்றால் கொழுப்பு, சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், புகை என்று நான்கு காரணங்களை அடுக்கப் பழகியிருக்கிறோம். நச்சு உலோகங்களும் அந்தப் பட்டியலில் சேர வேண்டியவை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் அறிவியல் அறிக்கை ஒன்றை வெளியிட்டது; ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்திருந்தது. 37 ஆய்வுகள், ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். உடலில் காட்மியம் மிகுந்த மூன்றிலொரு பங்கினருக்கு, மிகக் குறைந்த மூன்றிலொரு பங்கினரைவிட இதய, ரத்தநாள நோய் வருவதற்கான வாய்ப்பு 33 சதவீதம் கூடுதல். ஈயத்தில் அது 43 சதவீதம்.

வழிமுறை எளிமையானது. ரத்தநாளத்தின் உட்சுவர் வெறும் குழாய்ச் சுவர் அல்ல. நாளத்தைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும் உயிருள்ள படலம். காட்மியம் அந்தப் படலத்தின் செல்களைச் சேதப்படுத்தி, இடைவெளிகளைத் திறந்துவிடுகிறது. கொழுப்பு உள்ளே நுழைந்து படிவதற்கு அது வழி. ஈயம் கால்சியத்தின் வேடத்தில் செல்களுக்குள் புகுந்து ரத்தநாளங்களை இறுக்குகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. எலும்பில் பல பத்தாண்டுகள் பதுங்கியிருந்து, கர்ப்பகாலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் எலும்பு கரையும்போது மீண்டும் ரத்தத்துக்கு வருகிறது. இவற்றுக்கு மேலாக, சிறுநீரகமும் இதயமும் தனித்தனி உறுப்புகளாக நோயை அனுபவிப்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் உப்பும் நீரும் உடலில் தங்கி ரத்த அழுத்தம் உயரும். இதயச் சுவர் தடிக்கும். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டும் முன்னரே இதயநோயால் இறந்துவிடுகிறார்கள். மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்படும். அது பொய்யல்ல.

உள்ளே போன உலோகத்தை மருந்து கொடுத்து வெளியே எடுத்துவிட முடியாதா? உலோகத்தைக் கவ்வி இழுக்கும் மருந்தைச் சர்க்கரை நோயும் முன்பு மாரடைப்பும் உள்ள ஆயிரம் பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது. ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் குறைந்தது. இதயப் பாதிப்பு குறையவில்லை. சிறுநீரகத்தில் குடியேறிய காட்மியத்தைப் பாதுகாப்பாக அகற்றும் மருந்து இன்றைக்கு இல்லை. 'நச்சு நீக்கம்' என்று விளம்பரம் செய்யும் சூரணங்களையும் பானங்களையும் நம்பிப் பணத்தை விடாமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நொய்யல் கரையில் சிறுநீரகம் பழுதான ஒவ்வொருவருக்கும் காட்மியமே காரணம் என்று முடிவு கட்டினால் அது அறிவியல் ஆகாது. இலங்கையின் அனுபவம் இதற்குப் பாடம். வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி நெல் விவசாயிகளிடம் காரணம் அறியாச் சிறுநீரக நோய் 1990-கள் முதல் பரவியது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகளின் சிறுநீரில் காட்மியம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. அத்துடன் விவகாரம் முடியவில்லை. அளவுகள் அவ்வளவு அதிகமில்லையே என்றார்கள் சிலர். நீரின் கடினத்தன்மையும் புளூரைடும் என்றார்கள் சிலர். வேளாண் வேதிப்பொருள் என்றும், வெயிலில் நீர் வறண்டு உழைப்பது என்றும் வாதங்கள் தொடர்கின்றன. தமிழ்நாட்டிலும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதை அரசு மருத்துவர்கள் அண்மையில் ஆவணப்படுத்தி, வெப்பத்தின் பங்கைச் சுட்டியிருக்கிறார்கள். கொதிகலன் சூட்டிலும் சாயத்தொட்டி ஆவியிலும் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் திருப்பூர்த் தொழிலாளிக்கும் அந்த வெப்பம் பொருந்தும். வடமாநிலங்களிலிருந்து வந்து ஐந்தாறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு நாற்பது வயதில் நோய் வந்தால், அது திருப்பூரின் கணக்கில் எந்நாளும் ஏறாது.

வெப்பம், சர்க்கரை, வலிநிவாரணி மாத்திரை, உலோகம் என இத்தனையும் பின்னிக் கிடக்கும்போது, எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய ஒரே வழி அளப்பதுதான். காரணம் பலவாக இருக்கலாம் என்பதையே அளக்காமல் விடுவதற்குச் சாக்காக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

உப்புப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, எனவே உலோகமும் தீர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. இரண்டு காரணங்களால் அது சரியல்ல. முதலாவது, தனிமம் எதுவும் சுத்திகரிப்பில் அழிவதில்லை. கழிவுநீரை வடிகட்டி, ஆவியாக்கி, நீரைத் திரும்பப் பயன்படுத்தும்போது உலோகம் ரசாயனக் கசடிலும் கலவை உப்பிலும் போய்ச் செறிகிறது. அபாயகரக் கழிவு விதிகளின் அட்டவணையில் இடம்பெற்ற இந்தக் கசடைச் சாக்கில் அள்ளுபவரும், லாரியில் ஏற்றுபவரும், மழைக்கு நனையாமல் கொட்டகையில் அடுக்குபவரும் இந்தத் தொழிலின் கடைசிப் படியில் நிற்கும் ஒப்பந்தக் கூலிகள். இரண்டாவது, பழைய உப்பும் பழைய உலோகமும் மண்ணுக்குள் ஒன்றுக்கொன்று துணை போகின்றன. மண்ணில் குளோரைடு மிகும்போது காட்மியம் அதனோடு சேர்ந்து எளிதில் கரையும் சேர்மமாக மாறி, வேர்களுக்குள் நுழைகிறது. தென் ஆஸ்திரேலியாவில் உவர்ப்பான நீர் பாய்ந்த நிலங்களின் உருளைக்கிழங்கில் காட்மியம் கூடுதலாக இருந்ததை 1994-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொங்கு மண் சுண்ணாம்பு கலந்த காரத்தன்மை உடையது. பொதுவாக அது காட்மியத்தைப் பிடித்து வைக்கும் என்பது நமக்குச் சாதகம். ஆனால், இருபது ஆண்டுகள் உப்புநீர் பாய்ந்த வயலில் அந்தச் சாதகம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை, அங்கே விளையும் கீரையையும் சோளத்தையும் மாட்டுத் தீவனத்தையும் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆடு, மாட்டின் உடலிலும் காட்மியம் சேருமிடம் ஈரலும் சிறுநீரகமும்தான் என்பதை அசைவ உணவுப் பிரியர்கள் நினைவில் வைப்பது நன்று.

அளப்பதற்குப் புதிய ஆலையோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. சிறுநீரில் உள்ள காட்மியம், ஆயுள் முழுவதும் சிறுநீரகத்தில் சேர்ந்ததன் நம்பகமான குறியீடு. அமெரிக்காவில் காட்மியத்தோடு வேலை செய்பவர்களுக்கு ரத்தக் காட்மியம், சிறுநீர்க் காட்மியம், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மூன்றையும் பார்க்க வேண்டும் என்ற விதி 1992-இலேயே வந்துவிட்டது. சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 3 மைக்ரோகிராமைத் தாண்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். நம்மிடமும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கத்தக்க நோய்களின் அட்டவணையில் ஈய நச்சோடு நச்சுச் சிறுநீரக அழற்சியையும் சேர்த்திருந்தது. அட்டவணையில் நோய் இருந்தும், அதைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லாததால் அறிவிக்க எதுவும் இல்லாமல் போயிற்று.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடிச் சென்று சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறது. 2024-இல் வந்த 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' பணியிடங்களுக்கே செல்கிறது. கட்டமைப்பு தயாராக இருக்கிறது. திருப்பூரிலும் காங்கயம், சென்னிமலை, நொய்யல் கரையோரக் கிராமங்களிலும் மட்டும் அந்தப் பரிசோதனையோடு ஒரு குப்பி சிறுநீரைச் சேர்த்து வாங்கினால் போதும். அனைவருக்கும் வேண்டாம், சாயத்தொட்டி, கசடு, அச்சு, முலாம் ஆகிய பணிகளில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள், ஆற்றங்கரையில் கிணற்று நீரை நம்பி வாழ்ந்தவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க மேட்டுப்பாங்கான ஊர்களிலிருந்து அதே வயதினர் சிலர். உலோகத்தை அளக்கும் கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. பனியன் துணியில் காட்மியம் தேடும் ஆய்வகங்களில் இருப்பது பெரும்பாலும் அதே வகைக் கருவிதான்; மனித மாதிரிக்கான தரக்கட்டுப்பாடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கூடுதலாக வேண்டும். ஏற்றுமதியாளர் சங்கங்கள் இதைத் தம் மீதான வழக்குக்கு ஆதாரம் தேடும் முயற்சியாகப் பார்க்கத் தேவையில்லை. துணியில் காட்மியம் இல்லை என்று நிரூபித்ததால்தான் சந்தை திறந்தது. தொழிலாளர் உடலிலும் இல்லை என்று காட்ட முடிந்தால், தொழிலாளர் நலத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் அதே வெளிநாட்டுக் கொள்முதலாளரிடம் அதுவும் ஒரு சான்றிதழ்தான். இருக்கிறது என்று தெரிந்தால், நுண்குழாய் ஒழுகத் தொடங்கும் முன்னரே அந்த வேலையிலிருந்து ஒருவரை மாற்ற முடியும். இரும்புச்சத்து மாத்திரை தரலாம். பீடியை விடச் சொல்லலாம். கிணற்றை மூடிக் காவிரிக் குடிநீர் தரலாம்.

இப்போதே அளக்கப் பணம் இல்லை என்றால்கூட, மாதிரிகளைச் சேகரித்துவைக்கலாம். அரிசோனா, ஒக்லஹோமா, வடக்கு, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களில் வாழும் அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் இதயநோய் பற்றிய ஓர் ஆய்வுக்காக 1989 முதல் 1991 வரை சிறுநீர் பெற்று உறைநிலையில் வைத்தார்கள். அப்போது யாரும் அதில் காட்மியத்தைத் தேடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குப்பிகளை எடுத்து அளந்து, இடைப்பட்ட காலத்தில் யாருக்கெல்லாம் மாரடைப்பு வந்தது என்ற பதிவோடு வைத்துப் பார்த்தபோதுதான், சிறுநீரில் காட்மியம் கூடுதலாக இருந்தவர்கள் கூடுதலாக இறந்திருப்பது தெரிந்தது. முடிவு 2013-இல் வெளியாயிற்று. ஒரு குப்பிக்கு வேண்டியது ஒரு மேல்துண்டுச் சீட்டும், மின்சாரம் தடைபடாத ஓர் உறைபெட்டியில் விரற்கடை இடமும்தான்.